‘எத்தனையாம் நாள் காய்ச்சல்?’ என்று கேட்ட லேப்

சாப்பாட்டுக் கடைக்கும் சாரிக் கடைக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். இரத்தம் எடுக்கிற இடத்துக்கும் ஒன்று எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. போன மார்கழி மழையில் இரண்டே நாளில் இரண்டு லேப் ஏறி இறங்கினேன். முதலாவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டாவதுதான் விஷயம். மட்டக்களப்பு நகருக்குள், திருமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அது. பெயரை எழுதவில்லை. "பேர் போட்டிராதீங்க அம்மா, இப்பவே ரெண்டு பேரால சமாளிக்க ஏலாமக் கிடக்கு" என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. கல்லடிப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் நேரில் கேட்டால் வழி சொல்வேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நிர்ப்பீடனப் பாடத்தை, அதாவது உடம்பு நோயை எதிர்க்கிற கதையை, கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கவட்டைத் தடி மாதிரி ஒரு பிறபொருளெதிரி, அதாவது வந்த கிருமியைப் பிடிக்க உடம்பு சுரக்கிற புரதம்; அதன் இரண்டு நுனியிலும் போய்ப் பொருந்துகிற ஒரு முக்கோணம், அதுதான் பிடிபடுகிற அன்டிஜன். பூட்டும் திறப்பும் போல என்று சொல்லி, மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். அந்தப் பாடம் வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்தபோதுதான் நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

பேரனுக்கு 17 வயது. திங்கள் பின்னேரம் ரியூஷன் முடிந்து வந்தவன் தலையிடி என்று படுத்தான். இரவு நல்ல காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, முதுகு முறிகிறது என்றான். பெனடோல் (பாரசிட்டமோல்), கஞ்சி, ஜீவனிக் கரைசல். வியாழக்கிழமை மகள் அவனைக் கூட்டிக்கொண்டு முதல் லேப்புக்குப் போனாள். நானும் போனேன். "டெங்கு அன்டிஜனா? இருங்க" என்றார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடதாசி வந்தது. அதில் நெகட்டிவ் என்று இருந்தது. "டெங்கு இல்ல" என்று கவுண்டரில் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, தண்ணீர் மெஷின் எல்லாம் இருந்தது. குறை சொல்ல முடியாத இடம், ஒன்றைத் தவிர: யாரும் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. மகள் மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். டெங்கு இல்லைத்தானே என்று பக்கத்து வீட்டு மச்சாள் கொண்டுவந்து தந்த நோவுக் குளிசை மேசையில் தயாராக இருந்தது. ஆனால் பொடியன் எழும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சத்தி எடுத்தான். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, இவனுக்கு 2017 இல், ஒன்பது வயதில், ஒருமுறை டெங்கு வந்து போனது. அந்த வருடம் யாரும் மறக்கக்கூடியது அல்ல. இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்கு என்று பதிவான வருடம். நேரே போதனா வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும், அது என் பிழை. கையில் நெகட்டிவ் கடதாசி இருந்ததால், இன்னொரு லேப்பில் சும்மா ஒரு முழு இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து பார்ப்போம் என்று ஆட்டோவைத் திருப்பினேன்.

மேல்மாடிக்கு 19 படி. எண்ணினேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காய்ச்சல்காரர் வருகிற இடத்துக்கு இப்படியொரு செங்குத்துப் படியா என்று கோபமாகத்தான் உள்ளே நுழைந்தேன். வாங்கு ஒன்று, பிளாஸ்டிக் கதிரை நாலு, கிறுகிறு என்று சத்தம் போடுகிற காற்றாடி. மழைச் சாரல் யன்னலால் அடித்து முதல் கதிரை நனைந்து கிடந்தது.

அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஊசியை எடுக்கும் முன் பேனையை எடுத்தது. "எத்தனையாம் நாள் காய்ச்சல் அம்மா?" நாலு நாள் என்றேன். "அப்பிடியில்ல, என்னண்டு எண்ணுறீங்க? திங்கள் எத்தின மணிக்குத் தொடங்கின?" பின்னேரம் ஐந்து மணி என்றான் பேரன். "அப்ப இண்டைக்கு அஞ்சாம் நாள். முந்தி எப்பவாவது டெங்கு வந்ததா? பெனடோல் தவிர வேற குளிசை ஏதும் குடுத்தீங்களா? கடைசியா எப்ப சலம் போன?" எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதியது. நான் பெருமையோடு நெகட்டிவ் கடதாசியை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அது சொன்ன வசனத்துக்காகத்தான் இந்த விமர்சனமே.

"அம்மா, முந்தி டெங்கு வந்த பிள்ளைக்கு, அதுவும் நாலாம் நாள் எடுத்த இந்த நெகட்டிவை நம்ப ஏலா."

ஏன் ஏலாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படிப்பித்த வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அன்டிஜன் பரிசோதனை வைரஸை நேரே தேடுவதில்லை. டெங்கு வைரஸ் சுமார் 50 நனோமீற்றர் அளவான ஒரு பந்து. உள்ளே கிட்டத்தட்ட 10,700 எழுத்துக் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. இந்தச் சின்னக் குறிப்பிலிருந்து பத்தே பத்துப் புரதங்கள்தான் உண்டாகின்றன. மூன்று புரதம் தன் உடம்பைக் கட்ட. மற்ற ஏழும் நம் கலத்துக்குள் இருந்து அதற்கு வேலை செய்பவை. அந்த ஏழில் என்எஸ்1 என்ற ஒன்றைத் தொற்றிய கலம் வெளியே, இரத்தத்துக்குள் கொட்டுகிறது. காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே கொட்டுகிறது. கள்ளன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்காமல், அவன் சமைத்துக் கொட்டிய எச்சிலை வாசலில் தேடுவது மாதிரித்தான் இந்தப் பரிசோதனை.

அந்த எச்சிலைத் தேடுவது யார் என்றால், ஒரு எலியின் பிறபொருளெதிரி. அந்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிற கடதாசிப் பட்டியில் அது பூசியிருக்கிறது. 1975 இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், ஒரேயொரு பிறபொருளெதிரியை மட்டும் சுரக்கும் எலிக் கலத்தைப் புற்றுக் கலத்தோடு இணைத்து, சாகாமல் சுரந்துகொண்டே இருக்கச் செய்தார்கள். 1984 இல் அதற்கு நோபல் பரிசு. இன்றைக்கு ஒழுங்கைக்குள் இருக்கிற லேப்பில் கூட அந்த வேலையின் பேரப்பிள்ளை மேசையில் கிடக்கிறது. இரத்தத்தில் என்எஸ்1 இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிறத்துகள்களும் ஒரு கோட்டில் வந்து சேரும். ரோஸ் நிறத்தில் ஒரு வரி தோன்றும். அந்த ரோஸ் நிறம் பெரும்பாலான பெட்டிகளில் என்ன தெரியுமா? தங்கம். மிக நுண்ணிய துகளாக்கினால் தங்கம் சிவப்பாகத் தெரியும். இதைச் சொன்னதும் வாங்கில் இருந்த ஒரு அம்மா தன் மகனின் பெட்டியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தா.

சரி, பேரனுக்கு ஏன் வரி வரவில்லை? அவன் உடம்பில் 2017 இன் ஞாபகம் இருந்தது. ஞாபகம் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை, அந்த வருடம் வைரஸைக் கண்ட கலங்களின் வாரிசுகள் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் காத்திருந்தன. இரண்டாம் முறை டெங்கு வந்ததும் அவை முதல் தடவை போல ஒரு கிழமை யோசிக்கவில்லை. உடனேயே பிறபொருளெதிரியைச் சுரந்து தள்ளின. அவை போய் என்எஸ்1 ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டன. எலியின் கை பிடிக்க வேண்டிய இடத்தில் பேரனின் சொந்தக் கை ஏற்கெனவே இருந்தது. உடம்பு அடையாளம் கண்டுகொண்டதால்தான் பெட்டி அடையாளம் காணவில்லை. முப்பது வருடம் படிப்பித்தும் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஒரு நெகட்டிவே சாட்சியாக இருக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைதான் எனக்குக் காட்டியது.

அது செய்தது இதுதான்: பிறபொருளெதிரியைப் பார்க்கும் மற்றப் பெட்டியையும் முழு இரத்தப் பரிசோதனையையும் சேர்த்து எடுத்தது. பெட்டியைச் சின்னக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, காலாவதித் திகதியை என்னிடம் காட்டி, வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் உடைத்தது. நம்ம ஊர் வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பெட்டிகள் அதிகமானவற்றை 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது, கரண்ட் போகிற நாளில் அலுமாரிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரத்தம் விட்டதும் சமையல் மணிக்கூடு ஒன்றைப் பதினைந்து நிமிடத்துக்கு முறுக்கி வைத்தது. மணி அடித்த பிறகுதான் பார்த்தது. நேரம் தப்பிப் பார்த்தால் இல்லாத வரியும் தெரியுமாம். ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஒரே குத்து, நரம்பு தப்பவில்லை, நீலம் பாரிக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் வாங்கில் வழக்கமான கதை. பப்பாசி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு ஐயா கேட்டார். இன்னொருவர், கொரோனாவுக்கு ஊசி போட்ட அரசாங்கம் இதற்கு ஏன் போடவில்லை என்றார். அதற்கு மட்டும் வாய் திறந்தேன். டெங்கு ஒன்றல்ல, நாலு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் அரைகுறை ஞாபகம்தான். அந்த அரைகுறைதான் ஆபத்து. பழைய பிறபொருளெதிரி புதிய வகையைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிடித்த பிடியோடு வெண்குழியத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். வைரஸ் வளர்கிற இடமே அந்த வெண்குழியம்தான். காவல்காரனே கள்ளனைத் தோளில் தூக்கி உள்ளே விடுகிற கதை. இரண்டாம் தடவை டெங்கு வந்த பிள்ளைகள் ஏன் மோசமாகிறார்கள் என்று 1960களில் பாங்கொக் ஆஸ்பத்திரிகளில் கவனித்து இந்த விளக்கத்தை வளர்த்தவர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டொக்டர். பல வருடம் அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். பிறகு பிலிப்பைன்ஸில் 2016 இலிருந்து 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப் போல ஆகி, அடுத்தது வரும்போது கடுமையாகலாம் என்று 2017 கடைசியில் அதைச் செய்த கம்பனியே அறிவித்தது. அன்றிலிருந்து யாருக்கு முன்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கேள்வி டெங்கு ஊசிக் கதையிலிருந்து பிரியவே இல்லை. நம் நாட்டில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு, டெங்குவை நம் நிர்ப்பீடனம் எப்படி எதிர்கொள்கிறது, ஒருவருக்குச் சும்மா போவதும் இன்னொருவருக்குக் கடுமையாவதும் ஏன் என்று வருடக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐயா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பப்பாசி?" என்றார்.

மணி அடித்தது. அந்தப் பெட்டி ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு வகைப் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. ஐஜிஜி வரி தடிப்பாக, தூரத்திலிருந்தே தெரிந்தது. ஐஜிஎம் வரி மங்கலாக, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. ஐஜிஎம் என்பது உடம்பு புதிதாகக் காணும் ஒன்றுக்கு முதலில் அனுப்பும் ஆள், காய்ச்சலின் நாலாம் ஐந்தாம் நாளளவில் தலைகாட்டும். ஐஜிஜி பழகிய ஆள். முதல் டெங்கு என்றால் ஐஜிஎம் முன்னுக்கு வரும், ஐஜிஜி மெதுவாகப் பின்னால் வரும். இங்கே ஐந்தாம் நாளிலேயே பழகிய ஆள் ஓடி வந்து நிற்கிறான் என்றால், இது இரண்டாம் தொற்றாக இருக்க நிறைய இடமுண்டு. "இத மட்டும் வச்சு முடிவா சொல்ல ஏலா அம்மா, வேற வைரசுக்கும் ஐஜிஜி மாறிக் காட்டும்" என்றும் அந்தப் பிள்ளை சொன்னது. உண்மை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் ஒன்றுவிட்ட சகோதரம், அதற்கு நம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறோம். முகச் சாயல் ஒன்றாக இருந்தால் பிறபொருளெதிரி ஆள் மாறிப் பிடிக்கும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் காற்றாடிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார்.

ஆனால் அன்றைக்குக் காரியம் ஆனது வரிகளால் இல்லை. இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவுகிற குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) குறைந்து 78,000. வெண்குழியம் 2,800. செங்குழிய அடர்த்தி, அதாவது இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு, 47 சதவீதம். அந்த 47 ஐத்தான் அந்தப் பிள்ளை விரலால் சுட்டிக் காட்டியது. முன்பு ஏதாவது ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டது. மகளின் போனில் பாடசாலை விளையாட்டுக்காக எடுத்த பழைய ஒன்று கிடந்தது, அதில் 40. இரத்தம் கூடவில்லை, இரத்தத்தின் தண்ணீர் குழாய்ச் சுவரால் வெளியே கசியத் தொடங்கியிருக்கிறது. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் இந்தக் கசிவு தொடங்குகிற நேரம். அந்த என்எஸ்1 எச்சிலும் சும்மா கிடப்பதில்லை, அதுவே குழாயின் உட்சுவரைக் கெடுத்துக் கசிவைக் கூட்டும் என்று 2015 இல் ஆய்வுகள் வந்திருக்கின்றன. நாங்கள் தேங்காய் நேர்ந்த காலை, அவனுக்கு ஆபத்தான காலை.

"ரிப்போர்ட்டுக்கு நிக்க வேணாம், இப்பவே வாட்டுக்குக் கொண்டுபோங்க. போற வழிக்குள்ள வாட்ஸ்அப்பில அனுப்புறன். அம்மா, சிவப்பு, மண்ணிறச் சோடா ஒண்டும் குடுத்திராதீங்க, சத்தி எடுத்தா இரத்தமா இல்லையா எண்டு அவங்களுக்குத் தெரியாமப் போயிரும்." காசைக் கூடப் பிறகு தரச் சொன்னது. இரண்டு பரிசோதனைக்கும் 3,100 ரூபா, அடுத்த கிழமை போய்க் கட்டினேன்.

வாட்டில் நாலு நாள். அவர்கள் மணிக்கு மணி அளந்து சேலைன் ஏற்றிய விதம் தனியாக எழுத வேண்டியது, இங்கே வேண்டாம். பிள்ளை வீடு வந்தான். நோவுக் குளிசையை நான் மேசையிலிருந்து எடுத்து எறிந்தது மட்டும் சொல்லி வைக்கிறேன். டெங்குச் சந்தேகம் இருக்கும்போது ஐபுபுறூபன், டைக்ளோபினாக் மாதிரியானவை இரத்தப்போக்கைக் கூட்டும். பெனடோலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது. படி பற்றிச் சொல்லிவிட்டேன். கைப்பிடி ஒரு பக்கம் ஆடுகிறது. கழிப்பறைக்குக் கீழே சைக்கிள் கடைக்காரரிடம் திறப்பு வாங்க வேண்டும். போயா நாளில் பூட்டு. காலை 9 மணிக்குப் பிறகு போனால் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் அதற்குத்தான் புறுபுறுக்கிறார்கள்.

பெரிய குறை தட்டச்சு. வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டில் பேரனின் பால் ‘பெண்’ என்று இருந்தது. சிரிக்கிற விஷயம் இல்லை. செங்குழிய அடர்த்தியின் சாதாரண எல்லை ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. வாட்டில் இருந்த டொக்டர் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கடதாசியைப் பார்த்தார், மறுபடி கட்டிலைப் பார்த்தார். இதைக் காசு கட்டப் போன நாளில் சொன்னேன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து, தட்டச்சுச் செய்கிற தம்பியைத் திரும்பிப் பார்த்தது. தம்பி கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். படிக்கு அரை, தட்டச்சுக்கு அரை வெட்டியிருக்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்ப ஒரு இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அதே லேப்புக்குத்தான் போனோம். பேரன் இந்த முறை தானே 19 படியும் ஏறினான். சிறுதட்டு 2,64,000. பால் என்ற இடத்தில் ‘ஆண்’ என்று தெளிவாக இருந்தது. வயது 71.